ஃபோர் பை ஃபோரை விட்டுச் சின்ன காருக்கு மாறுவது எப்படி

முதலில் ஒரு சின்ன நோட்டை எடுத்து வண்டிக்குள் போட்டு வையுங்கள். ஷோரூமுக்குப் போவது, வீடியோ பார்ப்பது, தெரிந்தவர்களிடம் விசாரிப்பது எல்லாம் அப்புறம். குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று நான்கு மாதம், வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், என்ன சாமான், ஃபோர் வீல் போட்டீர்களா (அதாவது நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தீர்களா) இல்லையா.

நான் நான்கு மாதம் எழுதினேன். நான்காவது கட்டத்தில் விழுந்தது இரண்டே இரண்டு டிக். ஒன்று, மழை பெய்து ஊறிப்போன ஒரு மண்பாதையில். இன்னொன்று, ரொம்ப நாள் போடாமல் விட்டால் இறுகிக்கொள்ளுமே என்று ஒரு காலி மண் மைதானத்தில் சும்மா போட்டுப் பார்த்தது. அன்றைக்குத்தான் கியருக்குப் பக்கத்தில் இருக்கும், ஃபோர் வீல் போடுவதற்கான அந்தக் குட்டிக் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பெரிய கியரின் தலையில் இருந்த எண்கள் எல்லாம் கை பட்டுப் பட்டு அழிந்துபோயிருந்தன. குட்டிக் கம்பியில் எழுத்து புதுசாகவே இருந்தது, அடியில் இருந்த ரப்பர் உறையின் மடிப்புகளில் தூசி படிந்து, தொட்டால் விரல் தடம் விழுந்தது. தினமும் இரண்டு டன் இரும்பை ஓட்டிக்கொண்டு போவது எதற்காக என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டது அப்போதுதான்.

நோட்டு வேறு மாதிரி சொன்னால் அதையும் நம்புங்கள். வாரத்தில் இரண்டு நாள் தார் இல்லாத பாதை, பின்னால் டிரெய்லர், ஆண்டில் பல மாதம் சேறோ பனியோ என்று இருந்தால் மாறவே வேண்டாம், சின்ன காரை வாங்கி அதை வதைப்பதில் மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஐந்தாறு நாள்தான் காட்டுப் பாதை என்றால், அந்த ஐந்தாறு நாளுக்கு ஒரு ஃபோர் பை ஃபோரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மீதி முந்நூற்றுச் சொச்சம் நாள் எதை ஓட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

அடுத்தது எரிபொருள் கணக்கு. டாஷ்போர்டு காட்டும் மைலேஜை வைத்து முடிவெடுக்காதீர்கள், பல வண்டிகளில் அது கொஞ்சம் கூட்டியே காட்டும். டேங்கைத் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள், டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள், வழக்கம்போல ஓட்டுங்கள், மறுபடி அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் வரும். ஒரு முறை போதாது. மூன்று நான்கு டேங்க் பார்த்துச் சராசரி எடுங்கள்.

இந்தக் கணக்கில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்த்தால் மனசு ஏமாந்துவிடும். 1000 கி.மீ. ஓட எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 9 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு ஏறக்குறைய 111 லிட்டர் வேண்டும். 20 கொடுக்கும் காருக்கு 50 லிட்டர். மிச்சம் 61 லிட்டர். சரி, 20-ஐ விட்டுவிட்டு 25 கொடுக்கும் காராகப் பார்த்து வாங்கினால்? 40 லிட்டர், அதாவது கூடுதலாக மிச்சமாவது வெறும் 10 லிட்டர்தான். பெரிய வண்டியை விட்டு இறங்குவதிலேயே பெரிய லாபம் முழுதும் வந்துவிடுகிறது. ஆகவே சின்ன கார்களுக்குள் 22-ஆ 24-ஆ என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாமல், உங்கள் குடும்பத்துக்கும் முதுகுக்கும் சரியாக இருப்பதை எடுங்கள். எந்தக் காராக இருந்தாலும் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போகும், டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. 61 லிட்டரை அதோடு பெருக்கிப் பாருங்கள், ஓட்டும் ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டருக்கும்.

விளம்பரத்தில் போடும் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. ஐரோப்பாவில் 2017-ல் வந்த டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறை பழைய முறையைவிட நிஜத்துக்குக் கொஞ்சம் நெருக்கம், ஆனாலும் உங்கள் காலும் உங்கள் டிராஃபிக்கும் அதில் இல்லை. இரண்டு கார்களை ஒப்பிட வேண்டுமானால், இரண்டும் ஒரே சோதனை முறையில் எடுத்த எண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வேறு முறையில் எடுத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமே இல்லை.

சின்ன கார் ஏன் குறைவாகக் குடிக்கிறது என்பது தெரிந்தால் எதைப் பார்த்து வாங்குவது என்பதும் தன்னால் விளங்கும். முதல் காரணம் எடை. ஏணி மாதிரிச் சட்டத்தின் மேல் பாடியைத் தூக்கி வைத்த ஃபோர் பை ஃபோர் இரண்டு டன்னைத் தொடும், சின்ன கார் ஒரு டன்னுக்கு அக்கம்பக்கம். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஊர் ஓட்டத்தில் ஒவ்வொரு முறையும் அந்த எடையைத் தள்ளி வேகம் கொடுத்து, பிறகு பிரேக்கில் சூடாக வீணாக்குகிறோம். இரண்டாவது காற்று. நிமிர்ந்த கண்ணாடி, அகன்ற முகம், மேலே கேரியர், இதெல்லாம் சேர்ந்து ஒரு சுவரை முன்னால் தூக்கிக்கொண்டு ஓடுவது மாதிரி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-ல் போகிறவர் 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் ஏறியிருக்கும், காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். மூன்றாவது டயர். கட்டை கட்டையாக வெட்டிய மட் டெரைன் டயர் சேற்றைப் பிடிப்பதற்குச் செய்தது, தார் ரோட்டில் அது நெளிந்து நெளிந்தே எரிபொருளைத் தின்னும். நான்காவதாக இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், இரு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இரண்டாவதாக ஒன்று, கூடுதல் ஷாஃப்ட் என்று நோட்டில் டிக் விழாத நாளிலும் சுமந்துகொண்டு போகும் இரும்பு.

ஆகையால் வாங்கும்போது சக்கரம் எத்தனை அங்குலம் என்று அழகுக்காகப் பெரிசு பெரிசாகப் போகாதீர்கள். ஒரே மாடலில் சின்ன சக்கரமும் உயரமான டயரும் இருக்கும் வகை மைலேஜும் நன்றாகக் கொடுக்கும், குழியில் விழுந்தால் ரிம்மும் பிழைக்கும், டயர் மாற்றும்போது செலவும் குறையும்.

இன்ஜின் விஷயத்தில் ஓட்டம் எப்படி என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். நோட்டு சொல்வது பெரும்பாலும் ஊருக்குள் நின்று நின்று போகும் ஓட்டம் என்றால், பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் நல்ல தேர்வு. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிடும், சிக்னலில் இன்ஜின் அணைந்துவிடும், கிளம்பும்போது மோட்டார் தள்ளிவிடும். டொயோட்டா ப்ரியஸ் 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்ததிலிருந்து இது நன்றாகத் தேறிய தொழில்நுட்பம், பயப்பட ஒன்றுமில்லை. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நீள ஓடுகிறவருக்கு அந்த லாபம் சுருங்கும், ஏனென்றால் அங்கே பிரேக்கே கிடையாது. அவருக்கு நல்ல பெட்ரோல் இன்ஜினே போதும். தினம் மூன்று நான்கு கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சூடேறாத இன்ஜின் அதிகம் குடிக்கும், எந்தக் காரிலும். அந்தச் சிறு ஓட்டத்தில் பாதியை நடந்தோ சைக்கிளிலோ முடித்தால் எந்தக் காரும் கொடுக்காத மைலேஜ் அது.

டெஸ்ட் டிரைவ் போகும்போது ஷோரூம்காரர் காட்டும் நல்ல ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்குள் நுழையும் சரிவு, தினம் ஏறும் மோசமான வேகத்தடை, வழக்கமாக நிறுத்தும் இடம், மூன்றுக்கும் கொண்டு போங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போங்கள், ஆள் ஏறினால் கார் இன்னும் தாழும். ஃபோர் பை ஃபோரில் தரைக்கும் வண்டிக்கும் 200 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்திருக்கும், சின்ன காரில் 150-லிருந்து 170 தான், ஆள் ஏறினால் அதிலும் குறையும். அப்புறம் உட்காரும் உயரம். இதுவரை ஏறி உட்கார்ந்தோம், இனி இறங்கி உட்கார வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள், வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையே கூட்டிக்கொண்டு போய்ப் பத்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். என் அம்மா மூன்று கார்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடிந்த காரைக் காட்டி “இது போதும்டா” என்றார். நான் அதுவரை எழுதி வைத்திருந்த ஒப்பீட்டுப் பட்டியல் எல்லாவற்றையும்விட அது நல்ல அளவுகோலாக இருந்தது, அந்தக் காரைத்தான் வாங்கினோம்.

டிக்கியில் எத்தனை லிட்டர் இடம் என்ற எண்ணை நம்பாமல், நீங்கள் அடிக்கடி ஏற்றும் சாமானையே கொண்டு போய் வைத்துப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். சிலவற்றில் ஒல்லியான தற்காலிகச் சக்கரம்தான் இருக்கும், பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகக் கூடாதவை அவை. சிலவற்றில் அதுவும் இல்லாமல் பஞ்சர் ஒட்டும் திரவ பாட்டில் மட்டும்தான். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது.

பாதுகாப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். எடை கூடிய வண்டியும் எடை குறைந்த வண்டியும் நேருக்கு நேர் மோதினால் எடை குறைந்ததில் இருப்பவர்களுக்குத்தான் அதிர்ச்சி அதிகம், இதை எந்த ஏர்பேக்கும் முழுசாக மாற்றாது. அதே நேரம் உயரமான வண்டிகளுக்கு உள்ள உருளும் ஆபத்து தாழ்வான காருக்குக் குறைவு, திடீரென்று திருப்பினாலும் சொன்னபடி கேட்கும். மோதல் சோதனையில் நல்ல நட்சத்திரம் வாங்கிய காராகப் பாருங்கள், எந்த ஆண்டுச் சோதனை என்பதையும் பாருங்கள், ஏனென்றால் சோதனை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகிக்கொண்டே வருகின்றன, பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. கார் வழுக்கும்போது தடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், பக்கவாட்டு ஏர்பேக், இவை இரண்டையும் விட்டுக்கொடுத்து விலை குறைந்த வகையை எடுக்க வேண்டாம். இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், சன்ரூஃபை விட்டுவிடுங்கள்.

பழைய வண்டியை விற்பது தனிக் கதை. வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் கயிற்றுச் சுருள்), இரும்பு பம்பர், ஸ்நார்கல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்), மேல் கேரியர், கூடுதல் விளக்கு என்று ஆசை ஆசையாக மாட்டியிருப்போம். வாங்க வருகிறவர் அதற்கெல்லாம் தனியாக மதிப்புப் போட மாட்டார். எனக்கு வேலை பார்த்த மெக்கானிக் சொன்னது: “அண்ணே, எல்லாத்தையும் கழட்டித் தனித்தனியா வித்துடுங்க, வண்டியைக் கம்பெனியில வந்த மாதிரி நிறுத்துங்க.” அதுதான் சரி. கழற்றி வைத்த ஒரிஜினல் பம்பரும் ஸ்பிரிங்கும் வீட்டில் இருந்தால் திரும்ப மாட்டுங்கள். அடிப்பக்கச் சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சட்டத்தில் துரு எங்கே இருக்கிறதோ அதைப் பெயின்ட் அடித்து மறைக்காமல் அப்படியே காட்டுங்கள். ஃபோர் வீல், மெதுவாக ஓடி இழுவை கூட்டும் லோ ரேஞ்ச் எல்லாம் விழுகிறது என்பதை மண் தரையில் போட்டுக் காட்டுங்கள், தார் ரோட்டில் வேண்டாம். ஆற்றில் இறக்கியிருந்தால் சொல்லிவிடுங்கள், டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றிய பில்லையும் கூடவே கொடுங்கள். நம்பி வாங்குகிற ஆளிடம் மறைத்து விற்ற வண்டி நிம்மதி தராது.

புது கார் வந்ததும் முதல் மாதம் ரொம்ப முக்கியம். கையும் காலும் இன்னும் பழைய வண்டியில்தான் இருக்கும்.

டீசலில் இருந்து பெட்ரோலுக்கு மாறுகிறீர்கள் என்றால் பெட்ரோல் பங்கில் “பெட்ரோல்” என்று வாய்விட்டுச் சொல்லி, டேங்கில் விடும் குழாய் முனையையும் பார்த்துக்கொள்ளுங்கள், டேங்க் மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கள். மாறிப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது, டேங்கைக் காலி செய்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

டீசலில் இன்ஜின் நிமிடத்துக்கு 1500-லிருந்து 2500 சுற்றுக்குள்ளேயே முழு இழுவையும் கிடைத்திருக்கும், டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜினில் அது 4000 சுற்று பக்கம்தான் வரும். அதனால் மூன்றாம் கியரில் மிதித்தால் போய்விடும் என்ற நம்பிக்கையில் ஓவர்டேக் பண்ணப் போகாதீர்கள். முன்கூட்டியே ஒரு கியர் குறைத்து, இன்ஜின் சத்தம் ஏறியதும் கிளம்புங்கள். அந்தச் சத்தம் முதலில் பதறவைக்கும், இன்ஜினுக்கு அது ஒன்றும் செய்யாது. இடம் குறைவாக இருந்தால் பின்னால் இருந்துவிடுங்கள். உயரத்தில் உட்கார்ந்து முன்வண்டியின் தலைக்கு மேலே பார்த்த பார்வை இனி கிடையாது, முன்னால் போகும் வேனின் பின்கதவுதான் தெரியும். இதற்கு ஒரே வழி இடைவெளி விடுவது. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் தாண்டும் வரை குறைந்தது மூன்று நொடி.

மைலேஜ் கொடுப்பது காரைவிடக் கால் என்று சொல்வார்கள், அதில் நிறைய உண்மை இருக்கிறது. தூரத்தில் சிவப்பு தெரிந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே உருளவிடுங்கள். இன்றைய இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் எரிபொருள் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டு உருட்டினால் மிச்சம் என்று நினைப்பது தப்பு, அப்போது இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும், இறக்கத்தில் ஆபத்தும் கூட.

குழியும் தண்ணீரும்தான் மாறியவர்களை மாட்டிவிடுகிற இடம். பழைய வண்டியில் குழியைப் பார்த்து வேகம் குறைக்கவே மாட்டோம். இதில் குறையுங்கள், ஆனால் குழிக்குள் சக்கரம் இறங்கும் நொடியில் பிரேக்கை அழுத்தி வைத்திருக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குனிந்து சஸ்பென்ஷன் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அடியை வாங்க இடமே இருக்காது. முன்னாலேயே பிரேக் பிடித்து, குழி வரும்போது விட்டுவிடுங்கள். உயரமான வேகத்தடையில் இடம் இருந்தால் கொஞ்சம் சாய்வாக ஏறுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பழக்கத்தை முழுசாக மறந்துவிட வேண்டும். ஃபோர் பை ஃபோர்களில் அரை மீட்டர், அதற்கும் மேலான ஆழம் வரை இறங்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருப்பார். சின்ன காரில் காற்று உறிஞ்சும் குழாயின் வாய் கீழே, கிரில்லுக்குப் பின்னாலேயே இருக்கலாம். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் காற்றைப்போல் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்து இன்ஜினே போய்விடும். தேங்கிய தண்ணீர் சக்கரத்தின் பாதி உயரத்தை நெருங்குகிறது என்றால் திரும்பிவிடுங்கள். ஓடும் தண்ணீர் என்றால் இன்னும் மோசம், 30 சென்டிமீட்டரே சின்ன காரைத் தூக்கி நகர்த்தப் போதும். தண்ணீருக்குள் இன்ஜின் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள், கெடாமல் இருந்த இன்ஜினையும் அந்த ஒரு முயற்சி கெடுத்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து வண்டி இழுப்பவரைக் கூப்பிடுங்கள்.

ஏற்றும் பாரத்துக்கும் எல்லை உண்டு. பல சின்ன கார்களில் ஆளும் சாமானும் சேர்ந்தே ஏறக்குறைய 400 கிலோதான், மேல் கேரியரில் 50-லிருந்து 75 கிலோ. உங்கள் காரின் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் கணக்கு, ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள்.

பழைய வண்டியில் இருந்த சாமான்களில் இழுவைக் கயிற்றையும் டார்ச்சையும் புது காருக்கு மாற்றிக்கொண்டேன், மண்வெட்டியையும் ஜாக்கிப் பலகையையும் விற்றுவிட்டேன். நீங்கள் எதை விற்றாலும் காற்றடிக்கும் குட்டி கம்ப்ரஸரை மட்டும் விற்காதீர்கள். மணலில் இறங்கும்போது காற்றைக் குறைத்து, தாருக்கு வந்ததும் நிரப்பத்தான் அதை வாங்கியிருப்போம். இப்போது அதற்கு வேலை வேறு. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு குறையாமல், மாதம் இரண்டு முறை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே நான்கையும் பார்த்து நிரப்புங்கள், ஸ்டெப்னி இருந்தால் அதையும் சேர்த்து.